முதுமையில் ஞாபகசக்தியும் ஒரு கைப்பிடி நட்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை. சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் "யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?" என்ற பகுதியையும் அதற்கு அடுத்த பகுதியையும் முதலில் படித்துவிடுங்கள்.

தினமும் நட்ஸ் சாப்பிட்டால் வயதான காலத்தில் மறதி நோய் வராதா?

அப்படி யாரும் உறுதி கொடுக்க முடியாது. நட்ஸ் சாப்பிடும் பழக்கம் உள்ள முதியவர்களின் ஞாபகசக்தி மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆட்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு நட்ஸ் கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காமல் சோதித்தபோது சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. என் வாசிப்பில், சாப்பாட்டில் குறை உள்ளவருக்குத்தான் நட்ஸால் லாபம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, உடம்பைக் கவனித்துக்கொள்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம்.

பிறகு ஏன் இவ்வளவு பேச்சு? முதலில் எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில் செவிலியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் 70 வயதைத் தாண்டிய 15,467 பெண்களைத் தொலைபேசியில் அழைத்து ஞாபகசக்தியைச் சோதித்தார்கள். வாரத்துக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ நட்ஸ் சாப்பிட்டு வந்தவர்களின் மதிப்பெண், சாப்பிடாதவர்களைவிட மேலாக இருந்தது. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு வயது இளமையாக இருப்பதற்குச் சமம் என்று 2014-ல் எழுதினார்கள். பத்திரிகைகள் அந்த 'இரண்டு வயதை' எடுத்துக்கொண்டன. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: அடுத்து வந்த வருடங்களில் ஞாபகசக்தி குறைந்த வேகம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதைத் தலைப்பில் போட யாருக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் 2019-ல் சீனா பற்றிய ஆய்வு வந்தது. 55 வயதைத் தாண்டிய 4,822 பேரில், தினமும் 10 கிராமுக்கு மேல் நட்ஸ் சாப்பிட்டவர்களிடம் சிந்தனைத் திறன் மோசமாக இருக்கும் வாய்ப்பு 40% குறைவு என்றார்கள். அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் வேர்க்கடலை. 2024-ல் பிரிட்டனில் 50,000-க்கு மேற்பட்டோரைச் சுமார் ஏழு ஆண்டுகள் கவனித்த ஆய்வில், தினமும் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) வந்தது 12% குறைவாக இருந்தது.

இத்தனை பேரைப் பார்த்துச் சொன்ன பிறகும் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

யார் தினமும் நட்ஸ் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள், படித்தவர்கள், புகைபிடிக்காதவர்கள், காலையில் நடக்கப் போகிறவர்கள். இவை எல்லாமே மூளைக்கு நல்லது. கணக்கில் இவற்றைக் கழித்துப் பார்ப்பார்கள்தான், ஆனால் முழுவதும் கழிக்க முடியாது.

பல்லையும் மறந்துவிடக் கூடாது. கடிக்கத் தெம்பான பல் உள்ளவர்தான் பாதாமும் கடலையும் சாப்பிடுவார். மறதி ஆரம்பிக்கிற காலத்திலேயே பலருக்குச் சாப்பாட்டில் நாட்டம் குறைகிறது, பல் பராமரிப்பும் விட்டுப்போகிறது. அதனால் 'நட்ஸ் சாப்பிடாததால் மறதி' என்று தெரிவது, உள்ளே போய்ப் பார்த்தால் 'மறதி தொடங்கியதால் நட்ஸை விட்டார்' என்று இருக்கலாம். பத்தாயிரம் பேரைப் பார்த்தாலும் ஐம்பதாயிரம் பேரைப் பார்த்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

அப்படியென்றால் நட்ஸ் கொடுத்துச் சோதித்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். இரண்டுக்கும் ஸ்பெயினின் பார்சிலோனாவோடு தொடர்பு உண்டு.

முதலாவது பிரெடிமெட். மத்திய தரைக்கடல் பகுதி உணவுமுறை இதயத்தைக் காக்குமா என்று பார்க்க ஸ்பெயின் முழுக்க 7,447 பேரை வைத்து நடத்தியது. ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்குத் தினமும் 30 கிராம் நட்ஸ் (15 கிராம் வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும் சரிபாதி), மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஆலோசனை மட்டும். அதில் பார்சிலோனாவில் சேர்ந்த 447 பேருக்கு மட்டும் ஞாபகசக்திச் சோதனையும் வைத்தார்கள். சராசரி வயது 67. நாலு வருடம் கழித்து 334 பேர் மறுபடி சோதனைக்கு வந்தார்கள். நட்ஸ் குழுவில் ஞாபக மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருந்தது, ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் இறங்கியிருந்தது. 2015-ல் வெளியான இந்த முடிவுதான் நட்ஸுக்கு ஆதரவாகக் காட்டப்படும் முக்கியச் சான்று. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் குழு மாற்றியது முழுச் சாப்பாட்டையும், காய்கறி, மீன், பருப்பு எல்லாம் சேர்த்து. நட்ஸின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது.

(பிரெடிமெட் முழு ஆய்வின் இதய முடிவுகளை 2018-ல் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். சில இடங்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்ததில் குளறுபடி நடந்திருந்தது. முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.)

இரண்டாவது ஆய்வு?

அது வால்நட்டுக்கென்றே வடிவமைத்தது. வாஹா என்று பெயர். பார்சிலோனாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லோமா லிண்டாவிலும் ஒரே நேரத்தில் நடந்தது. 63 முதல் 79 வயதுக்குட்பட்ட, மறதி நோய் இல்லாத 708 பேர். பாதிப் பேருக்கு இரண்டு வருடம் தினமும் 30 முதல் 60 கிராம் வால்நட் இலவசம். மீதிப் பேர் வழக்கமான சாப்பாடு, வால்நட் கூடாது. 636 பேர் கடைசிவரை இருந்தார்கள். முதியவர்களை வைத்து இரண்டு வருடம் நடத்தும் சாப்பாட்டு ஆய்வில் இது பெரிய விஷயம்.

2020-ல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வால்நட் சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் சிந்தனைத் திறனில் வித்தியாசம் இல்லை.

ஆனால் இரண்டு ஊரையும் பிரித்துப் பார்த்தபோது, லோமா லிண்டாவில் ஒன்றுமே இல்லை, பார்சிலோனாவில் வால்நட் குழு கொஞ்சம் மேலே நின்றது. ஏன்? லோமா லிண்டா ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையினர் அதிகம் வாழும் ஊர். அந்தச் சபையில் சிகரெட்டும் மதுவும் கூடாது, சைவ உணவுக்காரர்கள் நிறைய. நீண்ட ஆயுளுக்காகப் பேசப்படும் ஊர் அது. பார்சிலோனாவில் சேர்ந்தவர்கள் ஒப்பிட்டால் குறைவாகப் படித்தவர்கள், புகைத்தவர்கள் அதிகம், வால்நட்டில் இருக்கும் வகை ஒமேகா-3 கொழுப்பு அவர்கள் சாப்பாட்டில் குறைவு. ஆக, சாப்பாட்டில் குறை இருந்தவர்களுக்குத்தான் வால்நட் உதவியிருக்கலாம். ஆனால் இப்படிப் பிரித்துப் பார்த்தது ஆய்வு முடிந்த பிறகு. ஒரு ஊகத்துக்கு இது போதும், உறுதியாகச் சொல்லப் போதாது.

வால்நட் வியாபாரிகளே இந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தார்கள் என்கிறார்களே?

உண்மைதான். வாஹாவுக்குக் கலிபோர்னியா வால்நட் ஆணையம் பணம் கொடுத்தது. நெதர்லாந்தில் நடந்த வேர்க்கடலை ஆய்வுக்கு (கீழே வருகிறது) அமெரிக்க வேர்க்கடலை அமைப்பு ஒன்று கொடுத்தது. மாத்திரையாக விற்க முடியாத பொருளுக்கு மருந்துக் கம்பெனி செலவு செய்யாது, அதனால் விளைவிப்பவர்களே செலவு செய்கிறார்கள். பணம் வாங்கினதாலேயே முடிவு பொய் என்று சொல்ல மாட்டேன். வால்நட் ஆணையம் பணம் கொடுத்த ஆய்விலேயே "மொத்தத்தில் பலன் இல்லை" என்று எழுதினார்கள் அல்லவா? நான் பார்ப்பது வேறு: எத்தனை பேர், எத்தனை மாதம், ஆரம்பத்திலேயே சொன்ன அளவுகோலில் வென்றதா அல்லது பிறகு தேடிப் பிடித்ததா என்பது.

நட்ஸ் மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?

நேரடியாக மூளைக்குள் போய் எதையும் ரிப்பேர் செய்வதில்லை. பெரும்பாலான வேலை ரத்தக் குழாயில் நடக்கிறது. மூளை உடம்பின் எடையில் 2% அளவுதான், ஆனால் ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதனால் ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் சிரமப்படும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. வாஹாவில் வால்நட் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சராசரியாக 4 புள்ளிக்குச் சற்று மேல் குறைந்தது. சின்ன எண்தான். ஆனால் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட டிமென்ஷியாவுக்கான 14 காரணிகளில் நடுவயதின் கெட்ட கொழுப்பும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 28 பேருக்கு, சராசரி வயது 65, 16 வாரம் தினமும் 60 கிராம் கலப்பு நட்ஸ் கொடுத்து மூளையின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் அளந்தார்கள். ஓட்டம் சில பகுதிகளில் கூடியது, ஞாபகச் சோதனையிலும் முன்னேற்றம் இருந்தது. நல்ல சேதிதான், ஆனால் 28 பேர்.

ஒமேகா-3, வைட்டமின் ஈ, தோலில் உள்ள பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகைச் சேர்மங்கள்) என்று பட்டியல் நீளும். அதற்காக அவற்றை மாத்திரையாக விழுங்கக் கிளம்ப வேண்டாம். லேசான மறதி இருந்த 769 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் அதிக அளவில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்து, அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) வருவதைத் தடுக்கவில்லை என்று 2005-லேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது யாரும் அதிகம் பேசாத காரணம்: நாலு மணி டீயோடு கடலை சாப்பிட்டால், அந்த இடத்தில் பிஸ்கட்டும் மிக்சரும் உள்ளே போகவில்லை.

வால்நட் மூளை மாதிரியே இருக்கிறதே, அதில் ஏதாவது அர்த்தம் உண்டா?

இல்லை. உறுப்பைப் போல இருப்பது உறுப்புக்கு மருந்து என்பது ஐரோப்பாவிலும் பழைய நம்பிக்கை. வடிவத்துக்கும் சத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

வால்நட் விலை கட்டுப்படியாகவில்லை. வேர்க்கடலை போதுமா?

போதும் என்றே நினைக்கிறேன். தாவரவியல்படி வேர்க்கடலை பருப்பு வகை, நட் இல்லை. ஆனால் சத்துக் கணக்கில் நட்ஸோடுதான் சேர்கிறது: நூறு கிராமில் 25 கிராம் புரதம், நல்ல கொழுப்பு, நயாசின் (வைட்டமின் பி3), சிவப்புத் தோலில் பாலிஃபீனால்கள். அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் நட்ஸ் என்று எண்ணியதில் வேர்க்கடலையும் உண்டு, சீன ஆய்வில் பெரும்பகுதியே அதுதான். 2025-ல் மாஸ்ட்ரிக்ட் குழுவே 31 முதியவர்களுக்குத் தோலோடு வறுத்த, உப்பில்லாத கடலை தினமும் 60 கிராம், 16 வாரம் கொடுத்தது. மூளையின் ரத்த ஓட்டம் 3.6% கூடியது, சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் 5.8% முன்னேற்றம். இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் வால்நட் பக்கம் இருப்பதும் இதைவிடப் பிரமாதமாக இல்லை.

வால்நட்டில் உள்ளதில் கடலையில் இல்லாத முக்கியமானது ஒமேகா-3. வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை, நெத்தலி சாப்பிடும் வீட்டில் அது பிரச்சினையே இல்லை. சைவக் குடும்பம் என்றால் ஆளிவிதைப் பொடி ஒரு ஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம்.

கடலையில் ஒரே ஒரு கவலை பூசணம். ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலைப் பாதிக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்தபோதுதான் உலகத்துக்கே இது தெரியவந்தது. வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். தோலோடு, உள்ளங்கையில் போட்டுப் பொறுக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

எவ்வளவு சாப்பிடலாம்? ஊறவைக்க வேண்டுமா?

ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம், வாரத்தில் ஐந்து நாள். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாயங்காலம் கூடாது என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

ஊறவைப்பதால் சத்து கூடுவதில்லை. ஆனால் மெல்லச் சுலபம், வயதானவர்களுக்கு அது போதுமான காரணம். பாதாமை ஊறவைத்துத் தோலை உரித்து எறிவதுதான் எனக்குப் புரியவில்லை. பாலிஃபீனால்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. தோல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மட்டும் உரியுங்கள்.

வால்நட் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உப்புக் கடலை, மசாலா முந்திரி, கடலை மிட்டாய்?

பிரஷர் உள்ளவர்களுக்கு உப்புப் போட்டது வேண்டாம். உயர் ரத்த அழுத்தமே டிமென்ஷியாவுக்கு ஒரு முக்கியக் காரணி, அதை ஏற்றிக்கொண்டு மூளையைக் காப்பாற்றப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கடலை மிட்டாய் எப்போதாவது சரி. சர்க்கரை நோயாளிகளுக்குத் தினசரிப் பழக்கமாக வேண்டாம். அவித்த கடலை அருமையான வழி, பல்செட்காரர்களுக்கும் ஒத்துவரும்.

எடை கூடாதா?

30 கிராமில் 180 கலோரி அளவுக்கு இருக்கிறது, அதனால் பயம் நியாயமானது. ஆனால் வாஹாவில் இரண்டு வருடம் வால்நட் சாப்பிட்டவர்களுக்கு எடை ஏறவில்லை. வயிறு நிறைவதால் வேறு எதையோ குறைத்துவிடுகிறார்கள். டிவி முன்னால் அரைக் கிலோ பாக்கெட்டோடு உட்கார்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

பிரேசில் நட் தினம் ஒன்று போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பிரேசிலில் லேசான மறதி உள்ள முதியவர்களுக்கு ஆறு மாதம் தினம் ஒன்று கொடுத்து, இரண்டு சோதனைகளில் முன்னேற்றம் கண்டார்கள். 31 பேரில் ஆரம்பித்து 20 பேரில் முடிந்த ஆய்வு. அந்தக் கொட்டையில் செலினியம் மிக அதிகம், மரத்துக்கு மரம் மாறும். தினம் ஐந்தாறு என்று தொடர்ந்து சாப்பிட்டால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். நம் ஊரில் அதைத் தேடி அலைய அவசியமில்லை.

அம்மாவுக்கு 72 வயது. சமீபமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். தினமும் பாதாம், வால்நட் கொடுக்கிறேன். சரியாகுமா?

கொடுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில உண்டு, மாதக்கணக்கில் வால்நட் கொடுத்துக் காத்திருந்தால் அவை தவறிப்போகும்.

முதலில் வைட்டமின் பி12. சைவம் சாப்பிடுபவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் 'வாயு' மாத்திரை தினமும் போடுபவர்கள் எல்லோருக்கும் இது குறைய வாய்ப்பு அதிகம். எந்த நட்ஸிலும் பி12 கிடையாது, ஒரு மூட்டை சாப்பிட்டாலும் குறை தீராது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதோடு தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாம்கூட மறதி போலவே காட்டும்.

காது கேட்கிறதா என்றும் பாருங்கள். சொன்னது பதியாமல் போவது பல நேரம் காதுக் கோளாறு. கேட்கும் கருவி வாங்கத் தயங்கிக்கொண்டே மாதம் இரண்டு கிலோ வால்நட் வாங்கும் வீடுகள் உண்டு. லான்செட் பட்டியலில் காது கேளாமைக்குப் பெரிய இடம் இருக்கிறது. அந்த 14 காரணிகளையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் உலகில் டிமென்ஷியாவில் 45% வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா, அதாவது சுமார் 88 லட்சம் பேர், என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. கொஞ்சம் தள்ளிப்போனாலே எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூளைக்கென்றே 'மைண்ட் டயட்' இருக்கிறதாமே, அதில் நட்ஸும் உண்டாமே?

உண்டு. கீரை, பெர்ரி பழங்கள், மீன், ஆலிவ் எண்ணெய், வாரம் ஐந்து முறை நட்ஸ். முதலில் வந்த ஆய்வுகள் அதைத் தூக்கிவைத்துப் பேசின. பிறகு அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, குடும்பத்தில் மறதி நோய் இருந்த 604 பேரை மூன்று வருடம் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். அந்த உணவுமுறைக் குழுவுக்கும், வழக்கமான சாப்பாட்டை அளவு குறைத்துச் சாப்பிட்ட குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவுமே ஓரளவு முன்னேறியிருந்தன. மூன்று வருடம் போதாமல் இருக்கலாம். அறுபத்தைந்தில் ஆரம்பிப்பது தாமதமாகவும் இருக்கலாம்.

எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும்?

இப்போதே. மூளையில் அல்சைமர் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடுகின்றன. நாற்பதுகளில் பிரஷர், சர்க்கரை, கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய வேலை. நட்ஸ் அதில் ஒரு சின்னப் பகுதி.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியம், பாஸ்பரஸ் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாதாமும் முந்திரியும் நல்லதல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் சாப்பிடலாம், ஆனால் முந்திரி, பிஸ்தா அளவைத் திடீரென்று ஏற்றுவதும் இறக்குவதும் கூடாது. வைட்டமின் கே கணக்கு மாறும்.

அப்பாவுக்கு ஏற்கெனவே அல்சைமர். கொடுக்கலாமா?

போன ஞாபகத்தை நட்ஸ் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் இந்த நோயில் எடை குறைவது சகஜம், அதனால் கொஞ்ச அளவில் நிறையக் கலோரியும் புரதமும் கொடுக்கும் பொருளாக அது உதவும். முழுதாகக் கையில் கொடுக்காதீர்கள். நோய் முற்ற முற்ற மெல்லுவதும் விழுங்குவதும் தடுமாறும், புரையேறி மூச்சுக்குழாயில் சிக்கும். நைசாகப் பொடித்துக் கஞ்சியிலோ பாலிலோ கலந்து, நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். திரவம் குடிக்கும்போதே இருமல் வருகிறது என்றால் அதையும் நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைச் சோதிக்கும் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள்.